சம்ப் வடிகட்டி
கடல்நீர் மீன்தொட்டிக்குக் கீழே வைக்கப்படும் துணைத் தொட்டியே சம்ப். மேல்தொட்டியில் வழியும் நீர் குழாயில் இறங்கி, வடிதுணிப் பையைக் கடந்து புரோட்டீன் ஸ்கிம்மர் நிற்கும் அறைக்கு வருகிறது. ஸ்கிம்மர் நுண்குமிழிகளால் கரிமக் கழிவை நுரையாக்கிப் பிரிக்கிறது. தடுப்புக் கண்ணாடிகள் எஞ்சிய குமிழிகளை நிறுத்த, கடைசி அறையின் பம்ப் நீரை மேலேற்றுகிறது. ஆவியாதலால் மட்டம் குறைவது இந்த அறையில்தான். உப்பு ஆவியாகாததால் நன்னீரையே ஊற்ற வேண்டும்.

அமைக்கும்போது முதலில் கணக்கிட வேண்டியது மின்தடையை. பம்ப் நின்றதும் மேல்தொட்டி நீர் கீழே இறங்கும். 120 செ.மீ. நீளம், 45 செ.மீ. அகலமுள்ள தொட்டியில் 3 செ.மீ. இறங்கினாலே 16 லிட்டர். சம்பில் அவ்வளவு இடமாவது காலியாக இருக்க வேண்டும். மேலேற்றும் குழாய் வழியாகவும் நீர் திரும்பி இறங்கும் என்பதால், அதன் வாயை மேல்தொட்டியின் நீர்மட்டத்தை ஒட்டியே வைப்பது நல்லது. நீர் திரும்புவதைத் தடுக்க ஒருவழி வால்வை மட்டும் நம்புவது தவறு: உப்புப் படிவோ சிறு நத்தையோ அதை மூடவிடாமல் செய்துவிடும்.