வேலைப் பட்டியலும் பேரேடும் - ஒரு சின்ன வரலாறு

பி.காம். படிக்கிற எனக்கு ஃபங்ஷனல் புரோகிராமிங் எதற்கு என்று கேட்கிறீர்களா? காரணம் இருக்கிறது நண்பர்களே. நம் முதல் வருடப் பாடத்திலேயே அதன் சூட்சுமம் இருக்கிறது. கணக்கில் பிழை வந்தால் பழைய பதிவை அழிக்கக் கூடாது, திருத்தப் பதிவு ஒன்றைப் புதிதாக எழுத வேண்டும்!

வெனிஸில் 1494ல் லூக்கா பசியோலி இரட்டைப் பதிவு முறையை அச்சுப் புத்தகத்தில் விளக்கினார். கணினி உலகம் வேறு வழியாக வந்தது. 1930களில் அலோன்சோ சர்ச் என்ற அமெரிக்கக் கணித அறிஞர் லாம்டா கால்குலஸை உருவாக்கினார். எல்லாக் கணக்கையும் சார்புகளாலேயே (பள்ளிக் கணக்கில் படித்தோமே, அதே சார்புதான்) செய்துவிடலாம் என்பது அதன் சாரம். 1958ல் ஜான் மெக்கார்த்தி லிஸ்ப் மொழியைத் தொடங்கினார். 'பழையதை அழிக்காமல் புதிது புதிதாக எழுதினால் நினைவகம் நிறைந்துவிடாதா?' நியாயமான கேள்வி. யாருக்கும் தேவைப்படாததைத் தானாகக் கண்டுபிடித்து இடத்தை மீட்கும் முறையையும் லிஸ்ப்தான் கொண்டுவந்தது. ஃபோர்ட்ரானை உருவாக்கிய ஜான் பேக்கஸே 1977ல் டூரிங் விருது உரையில் ஃபங்ஷனல் முறைக்காக வாதாடினார். 1990ல் ஹாஸ்கெல் மொழி வந்தது.

தமிழ்நாட்டுக்கும் இதில் பங்கு உண்டு. சென்னை கணிதவியல் கழகத்தின் மாதவன் முகுந்த் ஹாஸ்கெல் பாடத்தை என்.பி.டி.இ.எல். மூலம் இலவசமாக நடத்தியிருக்கிறார். ஐ.ஐ.டி. மெட்ராஸின் 'சக்தி' பிராசசர் எழுதப்பட்ட ப்ளூஸ்பெக் மொழிக்கும் வேர் ஹாஸ்கெல்தான்.

சரி, வேலைப் பட்டியலுக்கு வருவோம். நாலு பேர் சேர்ந்து ஒரு புராஜெக்ட் செய்கிறோம். ஒருவர் தன் பெயரில் இருந்த வேலையைச் சத்தமில்லாமல் நீக்கிவிடுகிறார். 'எனக்கு அந்த வேலையே தரவில்லையே' என்றால் என்ன செய்வீர்கள்? சாதாரணப் பட்டியலில் சாட்சியே இல்லை.

ஃபங்ஷனல் முறையில் பட்டியலை நேரடியாகத் தொடவே மாட்டோம். 'சேர்த்தது', 'முடித்தது', 'நீக்கியது' என்று ஒவ்வொன்றையும் பெயர், தேதியோடு குறிப்பேடு போல எழுதி வைப்போம். ஒரே ஒரு சார்பு போதும். பழைய பட்டியலையும் ஒரு பதிவையும் கொடுத்தால் புதிய பட்டியலைத் தரும். வெறும் பட்டியலை ஆரம்ப இருப்பாக வைத்து, பதிவுகளை வரிசையாக அந்தச் சார்புக்குக் கொடுத்தால் இறுதி இருப்பு, அதாவது இன்றைய பட்டியல், கிடைத்துவிடும். போன திங்கட்கிழமை நிலை வேண்டுமா? திங்கள் வரை உள்ள பதிவுகளை மட்டும் கொடுங்கள்! ஃபைலில் சேமிப்பது, திரையில் காட்டுவது மட்டும் சார்புக்கு வெளியே.

2023 ஏப்ரல் 1 முதல் இந்தியக் கம்பெனிகளின் கணக்கு மென்பொருளில் ஒவ்வொரு திருத்தமும் தேதியோடு பதிவாக வேண்டும் என்பது சட்ட விதி. உறையூர் சேலைக்கடைக் கணக்கப்பிள்ளைக்கு இதைக் கேட்டால் சிரிப்பு வரும். அடித்துத் திருத்திய கணக்கை யார் நம்புவார்கள்?