சிலி நாட்டு ஓய்வூதியச் சீர்திருத்தம் : ஒரு வரலாற்று நோக்கு

இலத்தீன் அமெரிக்காவிற் சமூகக் காப்புறுதியைச் சட்டமாக்குவதில் முன்னின்ற நாடுகளுள் ஒன்று சிலி. அங்கு 1924 ஆம் ஆண்டிலேயே தொழிலாளருக்கான கட்டாயக் காப்புறுதி நிறுவப்பட்டது. காலப்போக்கில், உழைப்போர் செலுத்தும் பங்களிப்பைக் கொண்டு இளைப்பாறியோருக்கு வழங்கும் முறையாக அது அமைந்தது. எனினும் தொழிற்பிரிவுக்கொரு நிதியமாக வளர்ந்தமையால், செல்வாக்குடைய பிரிவினர் விரைவில் இளைப்பாறவும் ஏனையோர் சொற்பத் தொகையுடன் அமையவும் நேர்ந்தது. பழைய முறையைப் போற்றுவோர் இக்குறையை மறைத்தல் தகாது.

1973 செப்தெம்பரில் ஆட்சியைக் கைப்பற்றிய இராணுவக் குழு, 1980 நவெம்பரில் 3500 ஆம் இலக்க ஆணைச் சட்டத்தைப் பிறப்பித்தது. அப்போதைய தொழில் அமைச்சரும் பொருளியலாளருமான ஹொசே பினியேராவே இதன் சிற்பி. 1981 மே மாதம் நடைமுறைக்கு வந்த இச்சட்டத்தின்படி, ஊழியர் தம் வேதனத்தின் 10 சதவீதத்தைத் தனியார் கம்பனியொன்றிலே தம் பெயரிலுள்ள கணக்கில் இடல் வேண்டும். தொழில்தருநரின் பங்களிப்பு ஒழிந்தது. பாராளுமன்றம் கலைக்கப்பட்டும் தொழிற்சங்கங்கள் ஒடுக்கப்பட்டும் இருந்தமையால், இதனை எதிர்த்து வாதிட இடமிருக்கவில்லை.

அரசின் சுமை நீங்கிற்று என்பது முழு உண்மையன்று. பங்களிப்புகள் தனியாரிடம் சென்றபின், முன்னரே இளைப்பாறியோருக்குத் திறைசேரியே வழங்க வேண்டியதாயிற்று. புதிய முறைக்கு மாறியோரின் பழைய பங்களிப்புக்கும் அரசு முறிகளை வழங்கிற்று. அக்கடன் பல பத்தாண்டுகள் நீடித்தது. இதனினும் கூர்ந்து நோக்கற்பாலது பிறிதொன்று. சட்டத்தை ஆக்கிய படையினரும், அவர்களோடு பொலிசாரும், புதிய முறைக்குள் வரவில்லை. பழைய அரச ஓய்வூதியமே அவர்களுக்கு நிலைத்தது. நாட்டு மக்கள் அனைவருக்கும் நன்று எனப்பட்டது, அதனைப் புகுத்தியோருக்கு மட்டும் ஏன் வேண்டாததாயிற்று?

தொடக்க காலத்து உயர்ந்த இலாபம் இவ்வினாவை மறைத்துவிட்டது போலும். 1994 இல் உலக வங்கி தனியார் நிதியங்களைப் பரிந்துரைத்தபோது சிலியே முன்மாதிரியாகக் கொள்ளப்பட்டது. அதே ஆண்டில் ஆர்ஜெந்தீனாவும், 1999 இற் போலந்தும் அவ்வழியை ஒட்டிச் சென்றன. ஆர்ஜெந்தீனா 2008 இல் அந்நிதியங்களை அரசுடைமையாக்கிற்று.

சிலியில் நிலையான தொழிலற்றோரின் கணக்குகள் மெலிந்தே கிடந்தன. பெண்கள் நெடிது வாழ்வர் என்னும் கணிப்பினால், ஒரே அளவு சேமிப்புக்கு ஆணிலும் குறைந்த மாதத் தொகையே பெண்ணுக்குக் கிடைத்தது. 2008 இல் வரிப்பணத்திலிருந்து வறியோருக்கு ஓய்வூதியம் வழங்க அரசு முன்வந்தது. 2016 இற் பெருந்திரளான மக்கள் இக்கம்பனிகளுக்கு எதிராக வீதியில் இறங்கினர். 1981 இல் நீங்கிய தொழில்தருநர் பங்களிப்பு, 2025 ஆம் ஆண்டுச் சட்டத்தினாற் படிப்படியாக மீள்கின்றது. படையினரின் தனிமுறையை அச்சட்டமும் தொடவில்லை.