நேர வலயச் சூழல் மாறி

நேர வலயச் சூழல் மாறி என்பது யுனிக்சு, லினக்சு வகை இயங்குதளங்களில், ஒரு நிரல் எந்த இடத்தின் நேரத்தைக் காட்ட வேண்டும் என்பதைத் தெரிவிக்கும் மாறி ஆகும். இதன் பெயர் டி.இசட். என்னும் இரண்டு ஆங்கிலப் பேரெழுத்துக்கள். இயங்குதளத்தின் கடிகாரம் 1970 சனவரி 1 முதல் கடந்த நொடிகளை அனைத்துலக நேரத்தின்படி எண்ணி வருகிறது. இம்மாறி அவ்வெண்ணிக்கையைத் தொடுவதில்லை. அதை உள்ளூர் நாளாகவும் மணியாகவும் பெயர்க்கும் முறையை மட்டுமே மாற்றுகிறது.

வலயப் பெயர்

திருநெல்வேலியிலுள்ள கணினிக்குரிய மதிப்பு "ஏசியா/கொல்கத்தா" என்பதாகும் (ஆங்கில எழுத்துக்களில் உள்ளிட வேண்டும்). இந்தியா முழுமைக்கும் இது ஒன்றே. சென்னை, மும்பை, தில்லி ஆகியவற்றுக்கும் தனிப்பெயர் இல்லை. "ஏசியா/கல்கட்டா" என்னும் பழைய பெயர் 2008-இல் மாற்றப்பட்ட பின்னரும் ஏற்கப்படுகிறது. "ஏசியா/திருநெல்வேலி" என்று கொடுத்தால் பெரும்பாலான லினக்சு கணினிகள் பிழைச்செய்தி எதுவுமின்றி அனைத்துலக நேரத்தைக் காட்டும். கடிகாரம் ஐந்தரை மணி பின்தங்கியிருப்பதைப் பயனரே கண்டுகொள்ள வேண்டும்.

எண் வடிவம்

"ஐஎஸ்டி-5:30" என எண்ணாகவும் மதிப்புத் தரலாம். இங்கு குறி தலைகீழானது: கிரீனிச்சுக்குக் கிழக்கிலுள்ள இடங்களுக்குக் கழித்தல் குறி இடவேண்டும். வழக்கம்போலக் கூட்டல் குறி இட்டால் 11 மணிநேரப் பிழை நேரும். மேலும், எண்ணுக்கு வரலாறு கிடையாது. கொல்கத்தா வலயக் கோப்பிலோ, 1906-க்கு முன் வழங்கிய சென்னை நேரமும் (5 மணி 21 நிமிடம் 10 நொடி), போர்க்காலத்தில் 1942 செப்டம்பர் முதல் 1945 அக்டோபர் வரை ஒரு மணி முன்தள்ளப்பட்ட நேரமும் பதிவாகியுள்ளன. ஆகவே பெயரைத் தருவதே நன்று.

இம்மாறி சூரியனைப் பின்பற்றுவதன்று. இந்தியச் சீர்நேரம் 82.5 பாகை கிழக்கு நெடுவரையைச் சார்ந்தது. திருநெல்வேலி ஏறத்தாழ 77.7 பாகையில் உள்ளதால் இங்கு உச்சிப்பொழுது சராசரியாக 12 மணி 19 நிமிடத்துக்கே நிகழும். சூரிய உதயம் கணிக்கும் நிரலுக்கு நெடுவரையைத் தனியே தரவேண்டும்.

அமைத்தல்

முனையத்தில் "எக்ஸ்போர்ட்" கட்டளையால் அமைத்தால், அங்கிருந்து பின்னர் தொடங்கும் நிரல்களுக்கு மட்டுமே அது செல்லும். கணினி முழுமைக்கும் மாற்ற "டைம்டேட்சிடிஎல்" கட்டளை பொருந்தும். விண்டோசில் இம்மாறி பொதுவாகத் தேவையில்லை. வலயப் பட்டியலில் "சென்னை, கொல்கத்தா, மும்பை, புது தில்லி" என்னும் வரியைத் தேர்ந்தால் போதும்.

மழைத் தரவுகளில் விளைவு

இந்திய வானிலை ஆய்வுத் துறையின் மழை நாள் காலை 8:30 மணிக்கு, அதாவது அனைத்துலக நேரம் 3:00 மணிக்கு முடிகிறது. தாமிரபரணி முகத்துவாரத்தை அடுத்த காயல்பட்டினத்தில் 2023 திசம்பர் 18 அன்று பதிவான 95 செ.மீ. மழை இத்தகைய 24 மணிநேரக் கணக்கே. மணிவாரித் தரவைத் தொகுக்கும் நிரல் அனைத்துலக நேரத்தில் இயங்கினால், 8:30 என்பதை இந்திய நேரம் பிற்பகல் 2 மணியாகக் கொள்ளும். முந்தைய நாள் காலை மழை விடுபட்டு, மறுநாள் நண்பகல் மழை சேர்ந்துவிடும். பாபநாசம், மணிமுத்தாறு அணைகளின் நீர்த்திறப்பை மழையுடன் ஒப்பிடுவோருக்கு இந்த ஐந்தரை மணி, எது முன் எது பின் என்பதையே மாற்றிவிடக்கூடியது.