உண்மைப் பிரதி: ஒரு பழைய கணினியும் எங்க வீட்டு பிஸ்கட் டின்னும்

நிவித்திகலயில் வளர்கிற பிள்ளைக்கு எழுத்துக் கூட்டிப் படிக்க வருவதற்கு முன்னாலேயே ஒரு கேள்வி பழகிவிடும்: "கல்லு அசலா, செயற்கையா?" ஒரு பக்கம் தேயிலை, றப்பர் தோட்டங்கள், இன்னொரு பக்கம் மாணிக்கக் குழிகள். எங்க ஊர் அப்படி. என்னுடைய மாமா தோட்ட வேலையை விட்டுவிட்டுக் கல் பட்டை தீட்டப் போனவர். சின்ன வயதில் ஒருநாள் அவர் ஒரு சிவப்புக் கல்லை லென்ஸுக்குக் கீழே வைத்து என்னைப் பார்க்கச் சொன்னார். உள்ளே மெல்லிய கோடுகள், வில் மாதிரி வளைந்து கிடந்தன.

"பூமியில வெளஞ்ச கல்லுல கோடு நேரா இருக்கும். இது மெஷின்ல செஞ்சது, அதான் வளைஞ்சிருக்கு" என்றார்.

"அப்ப இது போலியா மாமா?"

"இதுவும் கல்லுதான் புள்ள. செயற்கைன்னு சொல்லி வித்தா வியாபாரம். அசல்னு சொல்லி வித்தாத்தான் கள்ளம்."

செயற்கை சிவப்புக் கல் செய்யும் முறையை 1902இல் உலகத்துக்கு அறிவித்தவர் ஒகுஸ்த் வேர்னொய் என்ற பிரெஞ்சு வேதியியலாளர். அலுமினியம் ஒக்சைட்டுத் தூளைத் தீச்சுவாலை வழியாக விழவைத்து, உருக்கி, துளித்துளியாகக் கல்லாக வளர்த்தார். வேதியியல்படி பார்த்தால் அதுவும் அசல் கல்லும் ஒன்றுதான். வித்தியாசம் அது எங்கே பிறந்தது என்பதில் இருக்கு. அப்புறம், விற்கிறவன் என்ன சொல்லி விற்கிறான் என்பதில்.

இந்தக் கதை இத்தனை வருஷம் கழித்து எனக்கு ஞாபகம் வந்தது மாணிக்கத்தால் இல்லை, ஒரு கணினியால். நான் படிப்பது கலைப்பீடத்தில், வரலாறு. ஒருநாள் ராத்திரி யாரோ ஒருவர் ஒரு பச்சைச் சுற்றுப்பலகையில் சிப்புகளை ஒவ்வொன்றாகப் பற்றவைத்துக்கொண்டிருந்த காணொளி கண்ணில் பட்டது. அவர் செய்துகொண்டிருந்தது 1976இல் வந்த அப்பிள்-1 கணினியின் பிரதி. 50 வருஷப் பழைய கணினியை இன்றைக்கு ஏன் ஒருவர் மறுபடி செய்ய வேண்டும்? இன்று ஒரு மலிவான ஃபோன்கூட அதைவிட எத்தனையோ மடங்கு வேகமானது. தேடிப் படிக்கப் படிக்க, இது கணினியைப் பற்றிய கதை மட்டும் இல்லை என்று தோன்றியது.

*

1975 ஜனவரி. அமெரிக்காவில் 'பொப்பியுலர் எலக்ட்ரோனிக்ஸ்' சஞ்சிகையின் அட்டையில் ஒரு பெட்டி. பெயர் ஆல்டெயர் 8800. வீட்டில் வைத்து நீங்களே பூட்டிக்கொள்ளக்கூடிய கணினி. இதில் வேடிக்கை என்னவென்றால், அட்டைப் படத்தில் இருந்தது வெறும் கூடு. சஞ்சிகைக்கு அனுப்பிய முதல் மாதிரி வழியிலேயே தொலைந்துபோனதால், அவசரத்துக்கு ஒரு வெற்றுப் பெட்டியைத்தான் படம் எடுத்தார்கள். ஒரு பெரிய மாற்றத்துக்குத் தொடக்கமாகச் சொல்லப்படுகிற படத்திலேயே அசல் இல்லை.

அந்தப் பெட்டி கிளப்பிய ஆர்வத்தில், 1975 மார்ச் 5ஆம் திகதி கலிபோர்னியாவின் மென்லோ பார்க்கில், கோர்டன் ஃபிரெஞ்ச் என்பவரின் வாகனக் கொட்டகையில் 30 பேரளவில் கூடினார்கள். 'ஹோம்புரூ கம்பியூட்டர் கிளப்' அங்கேதான் பிறந்தது. வந்தவர்களில் ஒருவர், ஹியூலெட்-பக்கார்ட் நிறுவனத்தில் வேலை செய்த 24 வயது ஸ்டீவ் வொஸ்னியாக்.

அவரிடம் பெரிதாகக் காசு கிடையாது. கணினியின் மூளையான நுண்செயலி அப்போது விலை கூடின சாமான். 6502 என்ற புதிய சிப்பு 25 டொலருக்கு விற்பனைக்கு வந்ததும் அதை வைத்துத் தன் கணினியை வடிவமைத்தார். நிரல்களைத் தாளில் கையால் எழுதினார். பிறகு செய்ததுதான் முக்கியம்: தன் சுற்றுப்படத்தைப் பிரதி எடுத்துக் கூட்டத்துக்கு வந்தவர்களுக்குச் சும்மா கொடுத்தார்.

படம் கிடைத்தது. ஆனால் எல்லோருக்கும் அதைப் பார்த்துக் கம்பி இழுத்துப் பூட்ட நேரமும் இல்லை, கைப்பழக்கமும் இல்லை. இதைக் கவனித்தவர் அவருடைய நண்பர் ஸ்டீவ் ஜொப்ஸ். வெறும் சுற்றுப்பலகையை மட்டும் 20 டொலர் செலவில் அச்சிட்டு 40 டொலருக்கு விற்கலாம் என்றார். அப்பிள் நிறுவனத்தின் முதல் திட்டம் அவ்வளவுதான், ஒரு வெற்றுப் பலகை. அதற்கு முதல் போட ஜொப்ஸ் தன் வேனை விற்றார், வொஸ்னியாக் தன் கணிப்பானை விற்றார்.

பைட் ஷொப் கடைக்காரர் போல் டெரல், "வெறும் பலகை வேண்டாம், பூட்டித் தந்தால் 50 எடுக்கிறேன், ஒன்றுக்கு 500 டொலர்" என்று சொன்ன பிறகுதான் திட்டம் மாறியது. கடை விலை 666.66 டொலர். அதைக் கொடுத்து வாங்கினாலும் 60க்கு மேற்பட்ட சிப்புகள் உள்ள ஒரு பலகைதான் கையில் வரும். விசைப்பலகை, மின்மாற்றி, திரை, பெட்டி எல்லாம் நீங்களே தேடிக்கொள்ள வேண்டும்.

மொத்தம் 200 அளவில்தான் செய்தார்கள். 1977இல் அப்பிள் II வந்ததும், பழையதைத் தந்தால் புதியதுக்கு விலைக்கழிவு என்று நிறுவனமே அப்பிள்-1களைத் திரும்ப வாங்கி அழித்தது. வாடிக்கையாளர்களின் சந்தேகங்களுக்குப் பதில் சொல்லக்கூடியவர் கிட்டத்தட்ட வொஸ்னியாக் ஒருவர்தான் என்பதை அதற்குக் காரணமாகச் சொல்வார்கள். இன்று மிஞ்சி இருப்பவை 100க்கும் குறைவு. 2014 ஒக்டோபரில் பொன்ஹம்ஸ் ஏலத்தில் ஹென்றி ஃபோர்ட் அருங்காட்சியகம் ஒன்றை 905,000 டொலருக்கு வாங்கியது.

சும்மா கொடுத்த சுற்றுப்படத்திலிருந்து பிறந்த ஒரு பொருள் இப்படி கண்ணாடிப் பெட்டிக்குள் போனது. தொட முடியாது. மின்சாரம் கொடுத்துப் பார்க்கவும் பயம், ஒரு சிப்பு கருகினால் இழப்பு இலட்சக்கணக்கில்.

*

பிரதி செய்கிறவர்கள் வருவது இந்த இடத்தில்தான். அப்பிள்-1இன் கையேட்டிலேயே முழுச் சுற்றுப்படமும் இருந்ததால் அவர்களுக்குப் பாதை திறந்தே கிடந்தது.

இதில் இரண்டு வழி உண்டு. ஒன்று, வேலை செய்வது ஒன்றாக இருந்தால் போதும் என்பது. 2003இல் வின்ஸ் பிரியல் என்பவர் வொஸ்னியாக்கின் அனுமதியோடு 'ரெப்ளிக்கா 1' என்ற பலகையைச் செய்தார். 6502 அப்படியே இருக்கு, கிடைக்காத பழைய சிப்புகளின் வேலையை மட்டும் நவீன சிப்பு பார்க்கிறது. இந்த வேலையைக் கற்றுக்கொடுக்கும் டொம் ஓவாட்டின் புத்தகம் 2005இல் வந்தது. முன்னுரை எழுதியவர் வொஸ்னியாக்.

இரண்டாவது வழி இன்னும் கடினம். பலகையையே அச்சு அசலாகச் செய்வது. மைக் வில்லெகல் என்பவரின் 'மிமியோ 1' இந்த வகை. பழைய பலகையின் இரண்டு பக்கத்தையும் துல்லியமாகப் படம் எடுத்து, அதிலுள்ள ஒவ்வொரு செப்புத் தடத்தையும் கணினித் திரையில் மறுபடி வரைய வேண்டும். அந்தக் காலத்துத் தடங்கள் கையால் வரையப்பட்டவை, அதனால் அளவுகோல் வைத்த மாதிரி இருக்காது. இன்றைய மென்பொருளை அதன் போக்கில் விட்டால் எல்லாவற்றையும் ஒழுங்காக்கிவிடும். அசல் போல வேண்டுமென்றால் பழைய கையின் நெளிவைக்கூட வேண்டுமென்றே வரைய வேண்டும்.

அடுத்தது சிப்பு வேட்டை. அப்பிள்-1இன் திரை 40 எழுத்து அகலம், 24 வரி. அந்த 960 எழுத்துகளையும் வைத்திருக்க வொஸ்னியாக் பாவித்தது 1024 பிட் நகர்வுப் பதிவேடுகள், ஏழு சிப்பு. சாதாரண நினைவகம் மாதிரி இதில் தகவல் ஓரிடத்தில் உட்கார்ந்திருக்காது. வரிசையில் நிற்கிற ஆட்கள் வாளியைக் கைமாற்றுவது போல ஒவ்வொரு பிட்டும் அடுத்த இடத்துக்கு நகர்ந்து, கடைசியில் மறுபடி முதலுக்கு வரும். சுற்று நின்றால் எழுத்து அழிந்துவிடும். இந்தச் சிப்புகளின் உற்பத்தி நின்று பல பத்தாண்டுகள் ஆகிறது. பழைய களஞ்சியங்களில் தேடித்தான் எடுக்கிறார்கள். சிப்பின் முதுகில் நாலு இலக்கம் இருக்கும். 7612 என்றால் 1976ஆம் ஆண்டு 12ஆம் வாரம் செய்தது. சிலர் அந்த வாரக் கணக்குகூடப் பொருந்த வேண்டும் என்று வருஷக்கணக்கில் காத்திருக்கிறார்கள்.

எல்லாம் பூட்டி மின்சாரம் கொடுத்தால், திரை முழுக்க அர்த்தமில்லாத குறிகள் மினுங்கும். திரையைத் துடைக்கும் விசையை அழுத்தி, பிறகு மீள்தொடக்க விசையை அழுத்தினால் ஒரேயொரு சாய்கோடு மட்டும் தோன்றும். "நான் தயார், சொல்லு" என்று அர்த்தம். 1976இல் ஒருவர் பார்த்த அதே சாய்கோடு. கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கிற அசல் அதைக் காட்டாது, பிரதி காட்டும்.

*

"அப்படியென்றால் ஏமாற்றுக்காரனுக்கு வசதியாச்சே?" என்று நீங்கள் கேட்கலாம். நியாயம்தான். பழைய பலகை மாதிரியே பலகை, பழைய திகதியோடு சிப்பு, மேலே கொஞ்சம் தூசி. அரை மில்லியன் டொலர் ஆசை யாருக்கு வராது? அதனால்தான் மிஞ்சியிருக்கிற அசல்களுக்கு ஒரு பதிவேடு வைத்திருக்கிறார்கள். ஒவ்வொரு பலகைக்கும் படம், அடையாளம், கைமாறிய வரலாறு எல்லாம் அதில் சேருது. அந்தப் பதிவேட்டைத் தொடங்கியவரும் மிமியோ செய்த அதே வில்லெகல்தான். நன்றாகப் பிரதி செய்யத் தெரிந்தவனுக்குத்தான் அசல் எது என்றும் தெரியும். என் மாமாவைப் போல.

இரத்தினபுரிக்காரர்களுக்கு இன்னொரு பாடமும் தெரியும். கெவுட என்று ஒரு கல், பால் கலங்கின மாதிரி இருக்கும். ஒருகாலத்தில் பெறுமதி இல்லை என்று ஒதுக்கினது. 1970களில் தாய்லாந்து வியாபாரிகள் அதை அள்ளிக்கொண்டு போனார்கள். 1500 பாகைக்கு மேல் சூடாக்கினால் அது நீலக்கல்லாகிறது என்று அவர்களுக்குத் தெரியும், நமக்குத் தெரியாது. கல் நம்முடையது, நெருப்பின் சூட்சுமம் அவர்களுடையது. லாபம் யாருக்குப் போனது என்று சொல்லத் தேவையில்லை. எப்படிச் செய்வது என்பது கையில் இல்லாவிட்டால் பொருள் கையில் இருந்தும் பிரயோசனம் இல்லை. வொஸ்னியாக்கின் படம் கைமாறிக்கொண்டே இருந்ததால்தான், அவர் நிறுவனமே அழித்த ஒரு பொருளை மற்றவர்களால் திரும்ப எழுப்ப முடிந்தது.

*

இப்போது பிஸ்கட் டின்.

எங்க பாட்டியிடம் துருப்பிடித்த ஒரு பிஸ்கட் டின் இருந்தது. உள்ளே காகிதங்கள். அதில் அதிகம் போட்டோ கொப்பிகள்தான், சமாதான நீதவானின் முத்திரையோடு 'உண்மைப் பிரதி' என்று எழுதியவை. சின்னதில் எனக்கு அந்தச் சொல் வேடிக்கையாக இருக்கும். பிரதி என்றாலே உண்மை இல்லைதானே, அதெப்படி உண்மைப் பிரதி?

ஏன் அத்தனை கொப்பி என்று பிறகு வரலாறு படிக்கும்போதுதான் விளங்கியது. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம், தகப்பன் இங்கே பிறந்தார் என்று நிரூபிக்கச் சொன்னது. முடியாவிட்டால் தாத்தாவும் பூட்டனும் இங்கே பிறந்தவர்கள் என்று நிரூபிக்க வேண்டும். லயத்தில் பிறந்தவர்களில் எத்தனை பேருக்குப் பிறப்புப் பதிவு இருந்தது? நம்மைப் பற்றிய எழுத்து எல்லாம் அடுத்தவர் கையில் இருந்தது. பெயர் தோட்டத்துச் செக்ரோலில், கடன் கங்காணியின் கணக்கில். அந்தக் கடனை எழுதின 'துண்டு' முறைகூட 1921இல்தான் ஒழிந்தது. அசல் ஆவணம் ஒன்றுகூட நம் லயத்துக் காம்பிராவுக்குள் இல்லை. நாடற்றவர்களாகிப் போனதிலிருந்து 2003ஆம் ஆண்டுச் சட்டம் வரைக்கும் ஒவ்வொரு கந்தோர் வாசலிலும் எங்க ஆட்களிடம் கேட்கப்பட்டது ஒரு காகிதம்தான்.

அதனால் பாட்டிக்குப் பிரதி என்பது போலி இல்லை. அசல் தொலைந்தாலும், எரிந்தாலும், வெள்ளத்தில் போனாலும் மிஞ்சி நிற்கப்போகிற சாட்சி அது. 'இது பிரதி' என்று தானே சொல்லிக்கொள்கிறது, அதனால்தான் அதை நம்ப முடிகிறது. மாமா சொன்னதும் அதைத்தான்.

பாட்டி போன பிறகு வந்த ஒரு மழையில் அந்த டின்னுக்குள் தண்ணீர் இறங்கியது. பாதிக் காகிதம் ஒன்றோடொன்று ஒட்டிப்போனது. யாரும் படம் எடுத்து வைத்திருக்கவில்லை. வரலாறு படிக்கிற நானும் எடுத்து வைக்கவில்லை. யாரோ ஒருவர் தன் நாட்டுப் பழைய கணினியின் ஒரு சிப்புக்காக வருஷக்கணக்கில் காத்திருக்கிறார். நான் என் வீட்டு டின்னைத் திறந்து பார்க்க ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒதுக்கவில்லை.

மிஞ்சினதை இப்போது காயவைத்துப் படம் எடுத்துக்கொண்டிருக்கிறேன். சுற்றுப்பலகைக்காரர்களிடம் கற்றுக்கொண்ட முறைதான். இரண்டு பக்கத்தையும் எடுக்க வேண்டும், ஏனென்றால் பின்பக்கத்துக் கிறுக்கலும் தகவல்தான். கிழிசலைச் சீராக்கிக் காட்டக்கூடாது. யாருடையது, எப்போது பிரதி எடுத்தது, யார் எடுத்தது என்று பக்கத்திலேயே எழுத வேண்டும். ஒன்றை மட்டும் வைத்துக்கொள்ளாமல் சித்தி வீட்டுக்கு ஒன்று, பெரியப்பா மகனுக்கு ஒன்று என்று கொடுத்துவிட வேண்டும்.

உங்க வீட்டிலும் ஒரு டின் இருக்கும். டின் இல்லையென்றால் ஒரு சூட்கேஸ், தலையணைக்குக் கீழே ஒரு பொலித்தீன் பை. இந்த ஞாயிற்றுக்கிழமை அதைத் திறந்து பாருங்க. மழைக்காலம் வரப்போகுது.