பதினோரு ஆண்டுகளும் ஒரு மாரடைப்பும்

ஆரணியில் பட்டுத் தறி நெய்துகொண்டிருந்த என் பெரியப்பா, டயாலிசிஸ் தொடங்கிய நான்காவது ஆண்டில் இறந்தார். "கிட்னி போயிடுச்சு, அதான்" என்றுதான் எங்கள் தெருவில் இன்றும் சொல்வார்கள். உண்மையில் அவரைக் கொண்டுபோனது மாரடைப்பு. கடைசி வாரம் முழுக்க, "நெஞ்சு வலியெல்லாம் இல்லடா, மூச்சுதான் வாங்குது" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். சொல்பேச்சு கேட்காமல் தண்ணீர் குடித்திருப்பார் என்று நாங்கள் அவரையே திட்டினோம். அந்தக் குற்றவுணர்வில்தான் இந்த வரலாற்றைத் தேடிப் படிக்க ஆரம்பித்தேன்.

சிறுநீரகத்துக்கும் இதயத்துக்கும் உள்ள உறவு புதிய கண்டுபிடிப்பு அல்ல. லண்டன் கைஸ் மருத்துவமனையின் ரிச்சர்ட் பிரைட், சிறுநீரில் புரதம் போகும் நோயாளிகள் நூறு பேரைப் பற்றி 1836இல் எழுதினார். சுருங்கிப்போன சிறுநீரகங்களோடு பருத்த இதயங்களும் பிரேதப் பரிசோதனைகளில் தென்பட்டதை அவர் கவனித்திருந்தார். ஆனால் அந்தக் காலத்தில் சிறுநீரகம் முற்றிலும் செயலிழந்தால் மிஞ்சியிருப்பது சில நாட்கள், சில வாரங்கள்தான். இதயத்தின் முறை வருவதற்கு முன்பே ஆள் போய்விடுவார்.

1960இல் அது மாறியது. சியாட்டிலில் பெல்டிங் ஸ்கிரிப்னர் என்ற மருத்துவர், கையின் தமனியையும் சிரையையும் இணைக்கும் டெஃப்லான் குழாய் ஒன்றை நிரந்தரமாகப் பொருத்தினார். ஒவ்வொரு முறையும் புதிதாக ரத்தக்குழாயை வெட்டித் திறக்க வேண்டிய அவசியம் போனது. முதல் நோயாளி கிளைட் ஷீல்ட்ஸ், போயிங் ஆலையின் இயந்திரத் தொழிலாளி. சாவின் விளிம்பிலிருந்து மீண்டு, மேலும் பதினோரு ஆண்டுகள் வாழ்ந்தார். கடைசியில் இறந்தது மாரடைப்பால்.

அது ஒருவருக்கு மட்டும் நேர்ந்ததல்ல. சியாட்டில் குழு 1974இல் தன் நோயாளிகள் 39 பேரின் கணக்கை வெளியிட்டது. அவர்களில் 23 பேர் இறந்திருந்தார்கள்; 14 மரணங்களுக்குக் காரணம் தமனித் தடிப்பு. டயாலிசிஸ் சாவைத் தள்ளிப்போட்டது. தள்ளிப்போன காலத்தில் வேறொரு நோய் வெளியே தெரிந்தது.

நம்ம ஊர்ப்பக்கம் வருவோம். ஆரணியிலிருந்து வேலூர் ஏறத்தாழ 40 கிலோமீட்டர். வேலூர் சி.எம்.சி.யில் 1961லேயே டயாலிசிஸ் வந்துவிட்டது. 1971இல் அங்கே சிறுநீரக மாற்று அறுவை சிகிச்சை வெற்றிகரமாக நடந்தது. 1975இல் பெரம்பூர் ரயில்வே மருத்துவமனையில் டாக்டர் கே.எம். செரியன் இந்தியாவின் முதல் இதய பைபாஸ் அறுவை சிகிச்சையைச் செய்தார். ஆனால் தறிக்காரர் குடும்பத்தால் வருடக்கணக்கில் டயாலிசிஸுக்குச் செலவு செய்ய முடியுமா? 2009இல் தமிழக அரசின் காப்பீட்டுத் திட்டம் வந்தது, பிறகு அரசு டயாலிசிஸ் மையங்கள் பெருகின. என் பெரியப்பா போன்றவர்களுக்கு அதன் பிறகுதான் ஷீல்ட்ஸுக்குக் கிடைத்தது போன்ற ஆண்டுகள் கிடைத்தன. அவற்றோடு ஷீல்ட்ஸின் ஆபத்தும் வந்தது.

ஏன் இப்படி? சர்க்கரையும் ரத்தக்கொதிப்பும் இரண்டு உறுப்புகளையும் ஒரே நேரத்தில் கெடுக்கின்றன என்பது பாதி விடை. மீதியைச் சிறுநீரகமே செய்கிறது. அது வெளியேற்றாத பாஸ்பேட் ரத்தத்தில் தேங்குகிறது. தமனிச் சுவரின் தசைச் செல்கள் எலும்புச் செல்கள் போல நடந்துகொள்ளத் தொடங்குகின்றன. சுவரில் கால்சியம் படிந்து குழாய் விறைக்கிறது. சர்க்கரையால் நரம்புகளும் மரத்திருந்தால் நெஞ்சு வலி என்ற எச்சரிக்கையே வராமல் போகலாம். மூச்சிரைப்பு மட்டும் வரும். அதை "உடம்புல நீர் ஏறிடுச்சு" என்று எளிதாகத் தள்ளிவிடலாம். நாங்கள் செய்தது அதைத்தான்.

இந்த ஆபத்து டயாலிசிஸ் வரைக்கும் காத்திருப்பதில்லை. கலிஃபோர்னியாவில் 11 லட்சம் பேருக்கு மேல் ஆராய்ந்து 2004இல் வந்த ஆய்வு, சிறுநீரகத்தின் வடிகட்டும் திறன் 60க்குக் கீழே இறங்கும்போதே இதய நோய் ஆபத்து ஏறத் தொடங்குவதையும், 15க்குக் கீழே அது மூன்று மடங்கைத் தாண்டுவதையும் காட்டியது.

சிகிச்சையிலும் கணக்கு நேராக வரவில்லை. கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாட்டின், டயாலிசிஸில் இருந்த சர்க்கரை நோயாளிகளுக்குத் தெளிவான பலன் தரவில்லை என்றது 2005இல் வந்த ஜெர்மானிய ஆய்வு. ஸ்டாட்டினோடு எசெட்டிமைப் சேர்த்து 9,000க்கும் மேற்பட்ட சிறுநீரக நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்த 2011ஆம் ஆண்டு ஆய்வில், தமனி அடைப்பால் வரும் பெரிய பாதிப்புகள் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு குறைந்தன. முற்றிய சிறுநீரக நோயோடு, நிலையான இதயத் தமனி நோயும் உள்ள 777 பேரிடம் நடந்து 2020இல் வெளியான ஆய்வோ, மருந்தோடு ஆஞ்சியோ, ஸ்டென்ட், பைபாஸ் என்று முன்கூட்டியே இறங்கியதால் மரணமோ மாரடைப்போ குறையவில்லை என்றது. மாரடைப்பே வந்துவிட்டவர்கள் அந்த ஆய்வில் இல்லை. அவர்களுக்கு அவசர சிகிச்சை வேண்டும்.

இதையெல்லாம் சேர்த்துப் படித்தால் எனக்குப் புரிவது ஒன்றுதான்: சீக்கிரம் தொடங்குவதில்தான் லாபம் அதிகம். சர்க்கரை, ரத்தக்கொதிப்பு உள்ளவர்கள் ஆண்டுக்கொரு முறை கிரியேட்டினினும் சிறுநீரில் அல்புமினும் பார்த்துக்கொள்வது, பீடியை விடுவது, ரத்தக்கொதிப்பு மாத்திரையை நிறுத்தாமல் போடுவது.

பெரியம்மாவுக்கும் சர்க்கரை உண்டு. போன மாதம் அவரை அழைத்துப்போய் அந்த இரண்டு பரிசோதனைகளையும் செய்தேன். "எனக்கு ஒண்ணும் இல்லடா, மாடி ஏறினாதான் கொஞ்சம் மூச்சு வாங்குது" என்றார். இந்த முறை நான் திட்டவில்லை. ஈசிஜியும் எக்கோவும் எடுக்கக் கூட்டிப்போனேன்.