காப்புறுதிப் பத்திரத்தில் ஒரு சிறு வரி



வாகனக் காப்புறுதியைப் புதுப்பிக்கப் போனால் நாம் கேட்பது "இந்த முறை எவ்வளவு?" என்று மட்டும்தான். ஏன் அவ்வளவு என்று கேட்பது குறைவு. வாகனத்தின் பெறுமதி, சொந்தப் பாவனையா வாடகைக்கு ஓடுவதா, முன்னர் நட்டஈடு எடுத்தோமா என்பவற்றைப் பார்த்துத்தான் கட்டணம் போடுகிறார்கள். அத்தோடு, இந்த நாட்டில் நடந்தவையும் அந்தக் கட்டணத்துக்குள் இருக்கின்றன.

1951ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க மோட்டார் போக்குவரத்துச் சட்டப்படி, தேர்ட் பார்ட்டி காப்புறுதி இல்லாமல் எந்த வாகனமும் வீதிக்கு வர முடியாது. வருடாந்த லைசன் எடுக்கவும் அது வேண்டும். கட்டணம் குறைவுதான். ஆனால் அது காப்பது நமது வாகனத்தால் பாதிக்கப்படும் மற்றவரை. நமது வாகனம் எரிந்தால் அதில் ஒரு சதமும் வராது.

முழுக் காப்புறுதி எடுத்தவர்களின் பத்திரத்தில் "எஸ்.ஆர்.சி.சி" என்று ஒரு வரி இருக்கும். வேலைநிறுத்தம், கலகம், குழப்பம் ஆகியவற்றால் வரும் சேதத்துக்கான பாதுகாப்பு அது. முழுக் காப்புறுதிக்குள் அது தானாக அடங்குவதில்லை. தனியாகச் சேர்க்க வேண்டும்.

அந்த வரி எப்படி வந்தது? 1915இல் கண்டியில் தொடங்கிப் பரவிய கலவரத்தில் முஸ்லிம்களின் கடைகளும் பள்ளிவாசல்களும் சேதமாயின. பிரித்தானிய அரசு ஒரு கட்டளைச் சட்டம் கொண்டுவந்து, கலகம் நடந்த பகுதிகளின் சிங்கள மக்களிடமிருந்தே நட்டஈட்டை அறவிட்டது. கலகத்தில் கை வைக்காதவர்களும் கட்ட நேர்ந்தது. இழந்தவருக்குப் பணம் கிடைத்தாலும் மனக்கசப்பும் மிஞ்சியது.

1983 ஜூலைக்குப் பிறகு, இலங்கையின் கலகச் சேதங்களைப் பொறுப்பேற்க வெளிநாட்டு மறுகாப்புறுதி நிறுவனங்கள் பின்வாங்கின. எனவே 1987இல் அரசே ஒரு நிதியத்தை அமைத்தது. 2006ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டத்தால் உருவான தேசிய காப்புறுதி நம்பிக்கை நிதியம் இன்று அதை நடத்துகிறது. எந்தக் கம்பனியில் நாம் அந்த வரிக்குக் கட்டினாலும் அந்தப் பங்கு அங்கேதான் சேர்கிறது. குற்றம் செய்யாத அயலவரிடம் அறவிடுவதற்குப் பதிலாக, எல்லா ஊர்க்காரரும் முன்கூட்டியே சிறிது சிறிதாகப் போட்டு வைக்கும் முறை இது.

2018 மார்ச்சில் திகனையில் தொடங்கிய வன்செயல், நாம் மாத்தளையிலிருந்து கண்டிக்குப் போகும் அதே ஏ9 வீதியில் உள்ள அக்குறணை வரை வந்ததை மறந்திருக்க மாட்டோம். 2022 மே 9க்குப் பின் எரிந்த வீடுகளும் வாகனங்களும் வேறு ஆட்களுடையவை. இரண்டு தடவையும் அந்தச் சிறு வரி இருந்தவருக்கு ஒரு வழி இருந்தது.

கடைசியாக, பெறுமதி. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் கதவு திறந்தது. இடையில், 2022இல், 200 ரூபாய் அளவில் இருந்த டொலர் சில வாரங்களில் 350ஐத் தாண்டியது. பழைய வாகனங்களின் விலையும் உதிரிப்பாகங்களின் விலையும் ஏறின. நமது கட்டணம் கூடியதற்குப் பெரிய காரணம் இதுதான். கட்டணத்தைக் குறைக்க வாகனத்தின் பெறுமதியைக் குறைத்துப் போடுபவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். 60 இலட்சம் பெறுமதியான வானை 30 இலட்சத்துக்குப் போட்டால், சராசரி விதி உள்ள ஒப்பந்தத்தில் 4 இலட்சம் ரூபாய்ச் சேதத்துக்கு 2 இலட்சமே கிடைக்கும். மீதி நமது கையிலிருந்து போகும்.

ஆகவே உறவுகளே, இன்றிரவு இஷாவுக்குப் பிறகு அந்தப் பத்திரத்தை எடுத்து இரண்டு விடயங்களைப் பாருங்கள்: எஸ்.ஆர்.சி.சி வரி இருக்கிறதா? எழுதியுள்ள பெறுமதி இன்றைய சந்தை விலையா? விளங்காவிட்டால் வீட்டில் படித்த பிள்ளையிடம் வாசிக்கக் கொடுங்கள், முகவரிடமும் கேளுங்கள்.

ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைப்பதுதான் நமது மார்க்கம் காட்டிய வழி. அந்த வரி யாருக்கும் தேவைப்படாத நாடாக இது அமைய அல்லாஹ் அருள் புரிவானாக.