எலியும் தெள்ளும் விஷக் காய்ச்சலும்

கொடைக்கானல் உருவானதே நோய்க்குப் பயந்துதான். மதுரையில் இருந்த அமெரிக்க மிஷன் பாதிரிமார்கள் காய்ச்சலுக்கும் காலராவுக்கும் உறவுகளைப் பறிகொடுத்து, 1845-இல் மலைமேல் இரண்டு வீடுகள் கட்டிக்கொண்டார்கள். மலை ஏறிவிட்டால் காய்ச்சல் அண்டாது என்ற நினைப்பு நம்மிடமும் ஒட்டிக்கொண்டது.

பண்ணைக்காட்டில் எங்கள் வீட்டில் அந்த நினைப்பு பலிக்கவில்லை. நான் சிறுவனாக இருந்தபோது, காப்பிக்கொட்டை மூட்டை அடுக்கிய அறையில் படுத்த சித்தப்பாவுக்குக் காய்ச்சல் வந்தது. மண்டையைப் பிளக்கும் தலைவலி, உடம்பெல்லாம் நோவு. ஐந்தாம் நாள் மார்பிலும் வயிற்றிலும் மங்கலாகச் சிவப்புப் புள்ளிகள். டைபாய்டு என்று மருந்து கொடுத்தார்கள். பாட்டி "விஷக் காய்ச்சல்" என்றார். இரண்டு வாரம் ஆட்டிவைத்துவிட்டுத் தானாக இறங்கியது. ஓய்வு பெற்ற பிறகு படித்தபோதுதான், அது தெள்ளுப்பூச்சி பரப்பும் டைபஸாக இருந்திருக்கலாம் என்று தோன்றியது.

டைபஸுக்கும் டைபாய்டுக்கும் பெயரில் மட்டும்தான் உறவு. டைபஸ் பேனால் பரவுகிறது என்று 1909-இல் சார்லஸ் நிக்கோல் கண்டறிந்தார். 1928-இல் நோபல் பரிசு பெற்றார். ஆனால் பேன் இல்லாதவர்களுக்கும் டைபஸ் வந்தது. 1926-இல் அமெரிக்காவில் மேக்ஸி என்பவர், உணவுப் பொருள் கடைகளில் வேலை செய்தவர்களுக்கே அது அதிகம் வருவதைக் கவனித்து, எலியைச் சந்தேகித்தார். 1931-இல் டயர் குழுவினர் பால்டிமோரில் எலித் தெள்ளிலேயே அந்தக் கிருமியைப் பிடித்தார்கள்.

அதே காலத்தில், நம்மவர்கள் பிழைக்கப் போன மலேயாவிலும் ஒரு புதிர். கோலாலம்பூரில் ஃபிளெட்சரும் லெஸ்லாரும் நோயாளிகளின் இரத்தத்தை வெயில்-ஃபீலிக்ஸ் முறையில் சோதித்தார்கள். நகரத்துக் கடைக்காரர்களின் இரத்தம் ஒருவகைக் கிருமியோடு திரண்டது. தோட்டக்காட்டில் வேலை செய்தவர்களின் இரத்தம் வேறொரு வகையோடு திரண்டது. நோய் ஒன்றல்ல, இரண்டு! கடையில் வந்தது எலித் தெள்ளின் டைபஸ். காட்டில் வந்தது ஸ்க்ரப் டைபஸ். நாம் "உண்ணிக் காய்ச்சல்" என்கிறோமே, அது. புதரில் இருக்கும் கண்ணுக்குத் தெரியாத சிறு பூச்சி அதைப் பரப்புகிறது. 2001-2002 குளிர்மாதங்களில் அது நம் பக்கம் பரவியதை வேலூர் சி.எம்.சி. மருத்துவர்கள் பதிவு செய்தார்கள்.

மலையில் வாழும் நமக்கு இரண்டும் தெரிந்திருக்க வேண்டும். உண்ணிக் காய்ச்சலில் அக்குள், இடுப்பு, தொடையிடுக்கில் சிகரெட்டால் சுட்டதுபோல் கறுத்த பொருக்கு பலருக்கு இருக்கும். தெள்ளுக் காய்ச்சலில் அது இருக்காது. தெள்ளின் எச்சம், கடித்த இடத்தைச் சொறியும்போது உள்ளே போகிறது. ஒன்றிரண்டு வாரத்தில் காய்ச்சல் வருகிறது. நம் நிறத்தில் புள்ளிகள் கண்ணில் படுவதே கடினம். குழந்தைகளுக்கு வயிற்றுவலியும் வாந்தியும் சேர்ந்து வருவதால், அஜீரணம் என்று இருந்துவிடுகிறோம்.

இரண்டுக்கும் டாக்ஸிசைக்ளின் என்ற விலை குறைந்த மருந்து கேட்கும். மருத்துவர் சந்தேகித்தால் குழந்தைக்கும் கொடுப்பார். பெரும்பாலும் இரண்டு மூன்று நாளில் காய்ச்சல் இறங்கும். தாமதித்தால் நுரையீரலும் மூளையும்கூடப் பாதிக்கப்படலாம். ஆகவே காய்ச்சல் நான்கு நாளைத் தாண்டினால், "வீட்டில் எலி இருக்கிறது, பூனை இருக்கிறது, தோட்டத்துக்குப் போனேன்" என்று மருத்துவரிடம் நாமே சொல்லிவிட வேண்டும்.

இன்னொன்று. எலியை மட்டும் கொன்றால் அதன் மேலிருக்கும் தெள்ளு நம்மேல் தாவும். முதலில் தெள்ளுக்கு மருந்து, பிறகு எலிக்கு.

சித்தப்பா பிழைத்தார், எண்பது வயது வரை இருந்தார். அந்த மூட்டை அறையில் மட்டும் அதன் பிறகு யாரும் படுத்ததில்லை. காரணம் தெரியாமலே பாட்டி போட்ட உத்தரவு அது.